ஞாயிற்றுக்கிழமைக் கரை

கொழும்பில் எனக்கு வேலை கிடைத்த செய்தியை அண்ணனுக்குப் போனில் சொன்னபோது, "அதென்ன வேலை?" என்று கேட்டார்.

"மக்கள் தொடர்பு அண்ணா."

"எந்த மக்களோட?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பெரிய கம்பனிகளின் பெயர் பேப்பரிலும் டிவியிலும் நல்லவிதமாக வரும்படி பார்த்துக்கொள்வது, அதற்காக விழாக்கள் நடத்துவது, நிருபர்களைக் கூப்பிட்டு உபசரிப்பது என்று விலாவாரியாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப, அவையளுக்கு நல்ல பேர் எடுத்துக் குடுக்கிற வேலை" என்றார். ஓம் என்றேன். "ஏன், அவையளிட்டச் சொந்தமா ஒண்டு இல்லையாமோ?" பின்னால் மச்சாள் சிரிப்பது கேட்டது. மச்சாள் என்றால் அண்ணனின் மனைவி. அவருடைய பகிடிக்கெல்லாம் முதலில் சிரிக்கிற ஆள் அவதான். நான் போனை வைத்துவிட்டேன்.

அண்ணன் படிப்பை நிறுத்தியது என்னால்தான். ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, உள்ளபடியே அப்படித்தான். அப்பா நெஞ்சுவலியில் போனபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு எட்டு. மன்னார்த் தீவில், பள்ளிமுனையில் எங்கள் வீட்டில் அதன்பிறகு உழைக்கிற கை அவருடையது மட்டும்தான். புத்தகப்பையை ஆணியில் மாட்டிவிட்டு அப்பாவின் கரைவலையைப் பொறுப்பெடுத்தார். "நீ படி. வலையை நான் பாக்கிறன்" என்றார். நானும் படித்தேன். நன்றாகவே படித்தேன்.

கரைவலை பார்த்திராதவர்களுக்கு இரண்டு வார்த்தை. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் வலையோடு கடலுக்குள் போய், அரைவட்டமாக விரித்துக்கொண்டு, மறுதலைப்போடு தள்ளி ஓரிடத்தில் கரையேறும். பிறகு இருபது பேர் இரண்டு பக்கமும் நின்று மணிக்கணக்காக இழுக்க வேண்டும். அதற்குக் கரையில் நீளமான, கல்லில்லாத இடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். ஒருத்தருடைய பாட்டில் இன்னொருத்தர் வலை வைக்கமாட்டார். எங்கள் பாடு தீவில் இல்லை. தெற்கே, சிலாவத்துறைக்கும் கொண்டச்சிக்கும் இடைப்பட்ட கரையில் இருந்தது. அண்ணனும் ஆட்களும் திங்கட்கிழமை விடிய அங்கே போய் வாடியில் தங்குவார்கள். வாடி என்பது கிடுகால் வேய்ந்த கொட்டில்தான். சனிக்கிழமை பின்னேரம் கயிற்றைச் சுருட்டி, வலையை மூடிவிட்டு, பள்ளிமுனைக்கு வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை. அன்றைக்கு யாரும் வலையைத் தொடமாட்டார்கள். எவ்வளவு மீன் கரையோரம் வந்து துள்ளினாலும் தொடமாட்டார்கள்.

சண்டைக் காலத்தில் அந்தக் கரையை மூடிவிட்டார்கள். ஊர் விட்டு ஊர் ஓடியதில், பாடு எங்களுடையது என்று காட்டுகிற கடுதாசிகள் எல்லாம் போய்விட்டன. சண்டை முடிந்தபிறகு அண்ணன் ஏறாத கந்தோர் இல்லை. கடைசியில் ஓர் அதிகாரி, "இப்ப தொழிலைச் செய்யுங்கோ, கடுதாசியைப் பிறகு பாப்பம்" என்று வாயால் சொன்னார். அந்த வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டுதான் அண்ணன் மறுபடி வாடி போட்டார். நான் கொழும்புக்குப் போனதும் அந்த வருடத்தில்தான்.

மறைப்பானேன், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. குளிரூட்டிய மண்டபம், வெள்ளைத் துணி போட்ட மேசைகள், வாசலில் நின்று நிருபர்களைப் பெயர் சொல்லி வரவேற்பது, மறுநாள் பேப்பரில் நான் எழுதிக்கொடுத்த வசனம் அச்சுப்பிசகாமல் வந்திருப்பதைப் பார்ப்பது, எல்லாமே பிடித்திருந்தது. குதி உயர்ந்த செருப்பில் நடக்கப் பழக ஒரு மாதம் எடுத்தது. அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு, அலுமாரிக்கும் கட்டிலுக்கும் இடையில் நடந்து நடந்து பழகினேன். கந்தோரில் என் மேலாளர் ஒரு பெண். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர், மேடம் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே, "அப்பா என்ன செய்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "கடல் சார்ந்த வணிகம். இப்போது அண்ணன் பார்க்கிறார்" என்றேன். அவர் கப்பல் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தப் போகவில்லை.

மேடம் கெட்டவர் இல்லை. எனக்கு உடுக்கக் கற்றுத்தந்தார், பேசக் கற்றுத்தந்தார். ஒரு விஷயத்தை மட்டும் அடிக்கடி சொல்வார்: இந்தத் தொழிலில் பொய் சொல்லவே கூடாது, பிடிபட்டால் முடிந்தது. எத்தனையோ உண்மை இருக்கிறது, அதில் எதைச் சொல்வது என்று தெரிந்திருந்தால் போதும். நான் அதை ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன் என்றால் சிரிப்பீர்கள். எழுதித்தான் வைத்தேன்.

மூன்றாவது வருடம் ஒரு ஹோட்டல் கம்பனி எங்களிடம் வந்தது. வடமேற்குக் கரையில் எங்கேயாவது ஓர் உல்லாச விடுதி கட்டப் போகிறார்களாம். இடம் இன்னும் முடிவாகவில்லை. முதலில் பணம் போடுகிறவர்களுக்குக் காட்ட ஒரு வர்ணப் புத்தகம் வேண்டும், அதற்கு அழகான கடற்கரைப் படங்கள் வேண்டும். மேடம் மேசையைச் சுற்றிப் பார்த்து, "மன்னாரைத் தெரிந்தவர் யார்?" என்றார். எனக்குக் கை தானாக உயர்ந்தது. அந்தப் பக்கத்தில் எங்கள் பாட்டை விட அழகான கரை கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆட்கள் இல்லாத நாள் ஒன்று வேண்டும் என்று படப்பிடிப்பாளர் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை போவோம்" என்றேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணா, வாற ஞாயிறு எங்கட ஆக்கள் படம் எடுக்க வருகினம். மேடமும் வாறா. அந்த வாடி, வள்ளம் ஒண்டும் தெரியாமல் இருந்தா நல்லம். கொஞ்சம் ஒதுக்கிவிடுவீங்களோ?"

"வாடியையோ? அது என்ன பெட்டியோ ஒதுக்கிறதுக்கு?"

"ஏலாட்டி விடுங்கோ."

"ஏலாதெண்டு ஆர் சொன்னது? உன்ர மேடம் வந்து எங்களைக் குப்பையெண்டு நினைக்கக்கூடாது. நீ வா."

நாங்கள் போய் இறங்கியபோது எனக்கே என் கண்ணை நம்ப முடியவில்லை. வாடி இல்லை. கிடுகுகளைக் கழற்றி, மரங்களைப் பிடுங்கி, எல்லாவற்றையும் தாழம்புதருக்குப் பின்னால் அடுக்கியிருந்தது. வள்ளத்தை எங்கே கொண்டுபோனார்களோ தெரியவில்லை. தென்னோலையால் மணலைக் கூட்டி, கால் தடம்கூட இல்லாமல் வைத்திருந்தார் அண்ணன். வள்ளத்தை ஆட்களோடு சனிக்கிழமையே தள்ளிவிட்டு, அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வாடியை ஞாயிறு காலை தனியாகக் கழற்றியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவர் பூசைக்குப் போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்து, காய்ச்சலில் கிடந்த நாட்களைத் தவிர, அண்ணன் ஞாயிறு பூசையைத் தவறவிட்டது அந்த ஒரு முறைதான்.

வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, சீவிய இளநீரோடு ஓரமாக நின்றார். வேர்வையில் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. மேடம் இளநீரை வாங்கிக்கொண்டு, "இவர் யார்?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

கப்பல் ஞாபகம் வந்தது எனக்கு. "இந்த ஊர் ஆள். இடத்தைத் துப்புரவாக்க உதவி செய்தவர்" என்றேன்.

அண்ணனுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனால் 'ஊர் ஆள்' என்பதற்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்? என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்துச் சிரித்து, தலையாட்டினார். போகும்போது மேடம் கம்பனியின் சின்னம் போட்ட தொப்பி ஒன்றை அவருக்குக் கொடுத்தார். அவர் அதை அங்கேயே தலையில் போட்டுக்கொண்டு எங்கள் வேன் மறையும்வரை கையாட்டிக்கொண்டு நின்றார். சீ, என்ன பிறவி நான் என்று அந்த வேனில் ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான். பிறகு படங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம்.

படங்கள் அப்படி வந்திருந்தன. நீலமும் மணலும் தவிர வேறொன்றும் இல்லை. நான்தான் கீழே வசனம் எழுதினேன்: மனிதக் காலடி படாத கரை.

பணம் போடுகிறவர்கள் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம்: இந்த இடத்தையே எடுக்கலாமா?

மேடம் என்னைக் கட்டிப்பிடித்து இந்தச் செய்தியைச் சொன்னார். "உன்னுடைய கரையைத்தான் எடுக்கப் போகிறார்கள்!" அவருக்கு அது உண்மையிலேயே என்னுடைய கரை என்று தெரியாது. அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு இரண்டே வசனம்தான்: அது என் அண்ணனின் தொழில் இடம், அன்றைக்கு நான் சொல்லித்தான் அவர் வாடியைக் கழற்றினார். பின்னால் எத்தனையோ தடவை கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த இரண்டு வசனத்தையும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மேடத்துக்கு முன்னால் வாய் வரவில்லை. அந்த மாதம் எனக்குப் பதவி உயர்வு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அரசாங்கம் எங்கே இதற்கெல்லாம் இலேசில் அனுமதி கொடுக்கப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொடுத்தாலும் அண்ணனுக்கு வேறு பாடு கிடைக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். கரைவலைக்கு வேறு பாடு அப்படி இலேசில் கிடைக்காது என்பது சம்மாட்டி வீட்டில், வலைக்குச் சொந்தக்காரர் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாததா?

இரண்டு மாதம் கழித்து அண்ணன் போன் எடுத்தார். கரையில் யாரோ நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்களாம்.

"பிள்ளை, அந்த ஹோட்டல்காரர் எங்கட கரையைத்தான் கேக்கினமாம். உங்கட ஆக்கள்தானே? பாவம், அவையளுக்குத் தெரியாதாக்கும். ஒருக்காச் சொல்லிவிடு, அது வேலை செய்யிற இடமெண்டு."

"ஓம் அண்ணா, சொல்லுறன்."

"மறந்துபோகாதை."

"இல்லை, இல்லை."

நான் சொல்லவில்லை. அவர் அடுத்த கிழமையும் கேட்டார். "கதைச்சனான், பாப்பம் எண்டவை" என்றேன். இது மட்டும் சுத்தப் பொய். மேடத்தின் பாடத்தில் இல்லாதது.

விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். கரையில் உண்மையிலேயே தொழில் நடக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதுதான் நோக்கம். நடக்கிறது என்று நிரூபணமானால் கம்பனிக்கு அந்த இடம் கிடைக்காது; இல்லையென்றால் கிடைக்கும். அவ்வளவுதான் விஷயம். மேடம் என்னைக் கூப்பிட்டு, "நீ போ. தமிழில் பேசு. உன் ஊர்க்காரர்கள், நீ சொன்னால் கேட்பார்கள்" என்றார். தலைவலி, வயிற்றுவலி என்று ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. நான் போனால் ஏதாவது செய்யலாம் என்று நினைத்தேனா, போகாவிட்டால் பதவி போய்விடும் என்று பயந்தேனா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மண்டபத்தில் கதிரைகள் நிறைந்திருந்தன. அண்ணன் முன்வரிசையில் அதே வெள்ளைச் சேட்டோடு இருந்தார், பின்னால் அவருடைய வலை ஆட்கள். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. நான் வந்திருப்பது தங்களுக்காகப் பேசத்தான் என்று நினைத்திருப்பார். நான் கம்பனிக்காரரின் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தேன். மலர்ந்த முகம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, என்ன செய்வதென்று தெரியாமல்.

விசாரித்த அதிகாரி புதிதாக மாற்றலாகி வந்தவர், நிதானமான மனிதர். "பாடு உங்கட எண்டதுக்குக் கடுதாசி ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். இடம்பெயர்ந்ததில் போய்விட்டது என்றார் அண்ணன். சிலாவத்துறை மீன் வியாபாரி ஒருவர் எழும்பினார். அண்ணனிடம் மீன் எடுக்கிற முஸ்லிம் பெரியவர், நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். யாரும் கூப்பிடாமல், தன் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஐயா, அல்லா அறிய நான் அந்தக் கரையில நிண்டு மீன் எடுக்கிறவன். வெள்ளிக்கிழமை நான் ஜும்மாவுக்குப் போயிருவன், ஞாயித்துக்கிழமை அவங்க பூசைக்குப் போயிருவாங்க. மத்த நாளெல்லாம் அங்க வலை இழுக்கிறாங்க."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு, கம்பனியிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். படத்தைச் சுவரில் காட்டுகிற சின்னக் கருவி என் கையில்தான் இருந்தது. அழுத்தினேன். சுவர் முழுக்க எங்கள் கரை வந்தது, நீலமும் மணலுமாக. கீழே நான் எழுதிய வசனம்.

"இப்ப நிக்கிற வாடி நோட்டீசுக்குப் பிறகு போட்டதெண்டு கம்பனி சொல்லுது. இதில வள்ளமும் இல்லை, வாடியும் இல்லையே. எப்பிடி?" என்று அதிகாரி அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் எழும்பிப் படத்தைப் பார்த்தார். தான் ஓலையால் கூட்டிய மணலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஐயா" என்றார்.

"ஞாயிற்றுக்கிழமையெண்டா ஆக்கள் பூசைக்குப் போவினம், சரி. வாடியும் பூசைக்குப் போகுமோ?"

மண்டபத்தில் சிரித்தார்கள். பின்னாலிருந்த வலை ஆள் ஒருவர் கொதித்துப்போய், "ஐயா, அந்த வாடி..." என்று எழும்பினார். அண்ணன் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அவரை உட்காரவைத்தார். கண்ணை மட்டும் என்னிடமிருந்து எடுக்கவில்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீங்கள்தானே படம் எடுக்கப் போனது? எடுக்கேக்க அங்க வாடி, வள்ளம் ஏதும் இருந்ததோ?"

நேரே என்னிடம் கேட்ட கேள்வி. இதைவிட வசதியாக ஒரு மனுசிக்குக் கதவு திறந்துவிட முடியாது. மண்டபம் முழுக்கக் காத்திருந்தது. கம்பனிக்காரர் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளினார்.

"இல்லை, சேர்" என்றேன்.

பொய் இல்லை. எடுக்கும்போது அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

அண்ணன் உட்கார்ந்தார். முடிந்ததும் நான் வெளியே ஓடிவந்தபோது அவரும் ஆட்களும் பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தார்கள். நானா மட்டும் மரத்தடியில் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். என்னை அவருக்குத் தெரியாது. "நல்லாத் தமிழ் கதைக்கிறீங்க, எந்த ஊர் மகள்?" என்று கேட்டார். நான் வாகனத்தில் ஏறினேன்.

தொழில் நடப்பதற்கு அத்தாட்சி போதாது என்று ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. வேலி அடித்தார்கள். எனக்குப் பதவி உயர்வும் வந்தது, தனி அறை, கண்ணாடிக் கதவு. ஹோட்டல் மட்டும் வரவில்லை. பணம் போடுகிறவர்களுக்குள் ஏதோ பிணக்காம். இன்றைக்கும் அங்கே முட்கம்பியும் ஒரு காவல் கொட்டிலும்தான் நிற்கின்றன. உள்ளே, படத்தில் இருப்பதைப் போலவே, ஒரு காலடித் தடமும் இல்லை.

அண்ணன் வலையை விற்றார். இன்னொரு சம்மாட்டியின் வலையில் கயிறு இழுக்கப் போனார், நாட்கூலிக்கு. இருபது பேரை வைத்து இழுத்த மனுசன் இருபதில் ஒருவராகப் போனார். இதை எனக்கு மச்சாள்தான் போனில் சொன்னா. சொல்லும்போது அவ சிரிக்கவில்லை.

நான் அந்த வேலையை விட்டது பெரிய வீரம் ஒன்றுமில்லை. இன்னொரு வருடம் இருந்துவிட்டுத்தான் விட்டேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து யாரோ ஒருவருடைய கரைக்கும் காட்டுக்கும் வசனம் எழுதும்போதெல்லாம் அண்ணன் ஓலையால் கூட்டிய மணல்தான் கண்ணுக்குள் வந்தது, அதனால் விட்டேன். அதுவரையும் ஊருக்குப் போகவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கும் போகவில்லை. அண்ணன் இடைக்கிடை போன் எடுப்பார். சாப்பிட்டனியோ, சுகமோ என்று கேட்பார். அந்தக் கதையை மட்டும் இரண்டு பேரும் எடுக்கமாட்டோம். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பூசை முடிந்து அண்ணன் முற்றத்துக் கதிரையில் இருந்தார். மச்சாள் என்னைக் கண்டு, தேத்தண்ணி போட உள்ளே போனா. அண்ணனின் உள்ளங்கை இரண்டும் கயிறு இழுத்து வெடித்திருந்தன. சம்மாட்டியாக இருந்த காலத்தில் அந்தக் கைகள் அப்படி இருக்கவில்லை. வேம்பில் அடித்த ஆணியில் அந்தக் கம்பனித் தொப்பி மங்கிப்போய்த் தொங்கியது. வெயிலுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாராம்.

நான் நிலத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினேன். வருடக்கணக்காக மனசுக்குள் கிடந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"அண்ணா, அண்டைக்கு நீங்கள் ஏன் சொல்லேல்லை? நான் சொல்லித்தான் வாடியைக் கழட்டினதெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அந்த ஆள் எழும்பேக்கையும் இருத்திப்போட்டியள். என்னைப் பாத்துக்கொண்டே நிண்டியள். ஏன் அண்ணா?"

அவர் கையை விரித்து வெடிப்புகளைப் பார்த்தார்.

"நாங்கள் சொன்னா உன்னைக் காட்டிக்குடுத்த மாதிரிப் போயிரும், பிள்ளை" என்றார். "நீ சொன்னா அப்பிடி இல்லை. நீ சொல்லுவாய் எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான்."